பழைய ஸ்டோர் மண்

தரை மெழுகுவதில் என்னை மிஞ்ச எங்கள் லயத்தில் ஆள் கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமைதான் என் மகளைச் சாகக் கிடத்தியது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மறைத்து வைத்தாள் என்று பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது.

இலங்கை மலைநாட்டில், லிந்துலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். சுதந்திரம் வந்து, எங்கள் ஆட்களின் வாக்குரிமை போய், சில வருடங்கள் ஆகியிருந்தன. எனக்கு இருபத்துநான்கு வயது. கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் கைப்பிள்ளைகளை விட்டுச் செல்கிற பிள்ளைக்காம்பராவில் நான் ஆயா. காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டு கலைந்ததும் முப்பது பிள்ளைகள் என் கைக்கு வந்துவிடும். எது யார் வீட்டுப் பிள்ளை, எது ராத்திரி இருமியது, எது பால் குடிக்க அடம்பிடிக்கும், எல்லாம் எனக்கு மனப்பாடம். முப்பது பேரையும் ஒரே நேரத்தில் தூங்க வைக்க என்னால் முடியும். தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவே வந்து பார்த்துவிட்டு, "ஒனக்கு மந்திரம் தெரியும் போல" என்று சொல்லியிருக்கிறார்.

பிள்ளைக்காம்பராவுக்குச் சீமெந்துத் தரை. எங்கள் லயத்துக்கு மண் தரை. ஒரே கூரையின் கீழ் பத்துக் குடும்பம். குடும்பத்துக்கு ஒரு காம்பரா, அதாவது ஒரே அறை; முன்னால் திண்ணை போல ஒரு இஸ்தோப்பு. வெள்ளிக்கிழமை தோறும் சாணியும் மண்ணும் குழைத்துத் தரையை மெழுகியாக வேண்டும். மெழுகாத வீட்டில் விளக்கேற்ற மாட்டோம். ஆனால் எங்கள் மலையின் மண் சிவப்பு மண், கல்லும் பருக்கையுமாக இருக்கும். தை மாதக் குளிர்காற்று அடித்தால் பாளம் பாளமாக வெடித்துவிடும். வெடிப்புக்குள் தெள்ளுப்பூச்சி குடியேறும். பெண்கள் மண்ணையும் திட்டி, காற்றையும் திட்டி, கடைசியில் புருஷன்மாரைத் திட்டுவார்கள்.

நல்ல மண்ணைக் கண்டுபிடித்தவள் நான்தான்.

தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். புது ஸ்டோர் மேலே ரோட்டோரம் இருந்தது. பழைய ஸ்டோர் கீழே ஆற்றோரம் இடிந்து, சுவர் மட்டும் நின்றது. அதன் பின்புறத்தில் ஒரு தட்டை நிலம். முந்திய காலத்தில் தேயிலைப் பெட்டிகளுக்கு உள்ளே ஈயத்தாள் அடித்துத்தான் சீமைக்கு அனுப்புவார்களாம். வெட்டி மிஞ்சிய துண்டுகளையும் கிழிந்த தாள்களையும் அந்த இடத்தில் உலை வைத்து உருக்கிக் கட்டியாக்குவார்கள். பல வருடம் நடந்த வேலை. இதை எனக்குச் சொன்னது என் புருஷன். அவர் புது ஸ்டோரில் பெட்டி அடிக்கிறவர். அவர் காலத்தில் ஈயத்தாள் போய் வேறு தாள் வந்துவிட்டது.

அந்த மண் கருப்பு. சாம்பலும் கரித்தூளும் கலந்து மாவு மாதிரி இருக்கும். கல் என்பதே இல்லை. அங்கே புல்கூட ஒழுங்காக முளைத்திருக்கவில்லை. அதைப் பார்த்ததும் பயந்து திரும்பியிருக்க வேண்டும். நான் புத்திசாலி அல்லவா, புல்லே முளைக்காத மண்ணில் புழு பூச்சி ஏது, பிள்ளை தவழும் தரைக்கு இதைவிடச் சுத்தமான மண் கிடைக்குமா என்று நினைத்தேன். ஒரு கூடை அள்ளிக்கொண்டு வந்து சலித்தேன். சல்லடையில் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்ன மணிகள் தங்கின. மிளகு அளவு இருக்கும். என் புருஷன் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தார்.

"பல்லு பதியுது பாரு. ஈயம். உருக்குனப்ப சிந்துனது."

"இருந்துட்டுப் போகட்டுமே," என்றேன். "அந்த ஈயத்துல சுத்தித்தானே அம்புட்டுத் தேயிலையும் சீமைக்குப் போச்சு? அதக் குடிச்ச தொரைமாரு செத்தா போனாங்க?"

இப்படிப் பேசி அவரை மடக்குவது அந்த நாளில் எனக்கு ஒரு சந்தோஷம். மணிகளை ஆற்றில் வீசிவிட்டுத் தரையை மெழுகினேன்.

அந்தத் தரையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். காய்ந்ததும் கருங்கல் பாவியது போல இருந்தது. வெடிப்பு இல்லை, தூசி இல்லை. அரிசிமாவில் கோலம் போட்டால் பளிச்சென்று தெரியும். மேல் லயத்துப் பெண்கள்கூட இறங்கி வந்து குனிந்து தடவிப் பார்த்தார்கள். எப்படி மெழுகினாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். சொல்லிக்கொடுத்தால் மட்டும் போதாதென்று நானே போய் மெழுகியும் கொடுத்தேன்.

பக்கத்துக் காம்பராவில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். இறம்பொடைப் பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண். என்னை அக்கா என்பாள். அவளுக்குத் தலைப்பிள்ளை, ஆண் பிள்ளை. பதினாறாம் நாள் தீட்டுக் கழிக்கும்போது வீடு முழுக்க மெழுக வேண்டும் அல்லவா, அதை நான் ஏற்றுக்கொண்டேன். சேலை துணிமணி வாங்கிக்கொடுக்க எனக்கு வசதி இல்லை. கையில் இருந்தது அந்த வித்தைதான். பழைய ஸ்டோரிலிருந்து நாலு கூடை மண் சுமந்து வந்து, மூன்று தரம் சலித்து, இரண்டு பூச்சு மெழுகினேன். நடுவில் தொட்டில் கோலம் போட்டேன். அவள் வாசலில் பிள்ளையோடு நின்று, "கால வைக்கவே மனசு வரல்ல அக்கா" என்றாள். அந்தப் பேச்சு எனக்குப் பல நாள் இனித்துக்கொண்டிருந்தது.

அந்த வருடம் முடிவதற்குள் பத்துக் காம்பராவில் ஏழு, என் தரையாகிவிட்டது.

பக்கத்துக் காம்பராப் பெண்ணின் பிள்ளை மெலிவு. அதனால் அவள் வேலைக்குத் திரும்பாமல் வீட்டிலேயே வைத்து வளர்த்தாள். தவழத் தொடங்கியதும் தரையை நக்கும். கையை வாயில் போடும். எந்தப் பிள்ளைதான் மண் தின்னாது என்று நாங்கள் சிரித்தோம். பதினொரு மாதத்தில் வாந்தி எடுத்தது, பிறகு வலிப்பு வந்தது. இரண்டே நாளில் போய்விட்டது. தோட்டத்து மருந்துக்கார ஐயா வலிப்பு என்றே எழுதினார். அந்தப் பிள்ளையைக் குளிப்பாட்டித் துணி சுற்றியது நான்தான். அவளால் தொட முடியவில்லை. அதற்குப் பிறகு அவள் கொழுந்துக்குப் போகத் தொடங்கினாள்; ஆனால் பிள்ளைக்காம்பரா வழியாக வராமல் சுற்றுப் பாதையில் போவாள். எனக்கு அது புரிந்தது. வருத்தப்பட்டேன், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் லயத்தில் பிள்ளை சாவது புதிதில்லை.

அடுத்த மழைக்காலத்தில் காற்று வந்து பிள்ளைக்காம்பராவின் கூரைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போனது. இரண்டு மாதம் மூடிக்கிடந்தது. பிள்ளைகள் அவரவர் வீட்டில். என் மகளும் என்னோடு காம்பராவில், அந்தக் கருப்புத் தரையில். அவளுக்கு இரண்டு வயது ஆகவில்லை, ஆனால் வாய் என்னைப் போல. "தண்ணி குடு", "கோழி போ", "அப்பா வா" என்று எல்லாரையும் அதிகாரம் செய்வாள்.

முதலில் வயிற்றுவலி வந்தது. முகம் வெளுத்தது. சோறு இறங்கவில்லை. பிறகு சொற்கள் போயின. ஒரு நாள் கோழியைக் காட்டினாள், ஆனால் கோழி என்று சொல்லத் தெரியவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

எங்கள் மருந்துக்கார ஐயாவுக்கு மூன்று மருந்துதான் தெரியும். சிவப்புத் தண்ணி, வெள்ளைத் தண்ணி, பூச்சி மருந்து. மூன்றையும் கொடுத்தார். அவளுக்கு வலிப்பு வந்த அன்று, கொழுந்து லொறியை மறித்து ஏறி நுவரெலியா பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மூன்று வாரம் வைத்திருந்தார்கள். தேறிவிட்டாள். நடந்தாள். நர்ஸம்மாவைப் பார்த்து "தண்ணி குடு" என்றாள். கூட்டிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆவதற்குள் பழையபடி வெளுத்தாள், துவண்டாள்.

ஆஸ்பத்திரியில் சுகம், வீட்டில் சீக்கு. அப்படியானால் வீட்டில்தான் ஏதோ இருக்கிறது என்று லயமே பேசியது. அதுவரை சரியாகத்தான் பேசினார்கள். பூசாரி வந்து உடுக்கை அடித்து, காம்பராவில் முனி இறங்கியிருக்கிறது, வெள்ளிக்கிழமை பொங்கல் வைத்துக் கழிக்க வேண்டும் என்றார். நானும் சம்மதித்தேன். சாமி இறங்கும் வீடு சுத்தமாக இருக்க வேண்டாமா? பழைய ஸ்டோருக்குப் போய்ப் புது மண் அள்ளி வந்து, என் கையால் மூன்று பூச்சு மெழுகினேன். பூசை முடியும்வரை மகளை அந்த ஈரத் தரையில்தான் உட்கார வைத்திருந்தோம். அவள் தரையைத் தொட்டுத் தொட்டு விரலைச் சூப்பினாள். நான் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே மறுபடி வலிப்பு. மறுபடி லொறி.

இந்தத் தடவை பார்த்தவர் யாழ்ப்பாணத்து டாக்டர். மெலிந்த மனிதர், பொறுமைசாலி. பிள்ளையின் உதட்டைத் தூக்கி, ஈறில் ஓடிய நீலக் கோட்டைப் பார்த்தார். இரத்தம் எடுத்தார். முதல் தடவை சேர்த்த காகிதங்களைப் புரட்டினார். பிறகு என்னை உட்கார வைத்துக் கேட்டார்.

"வீட்டுக்குப் பெயின்ற் ஏதும் அடிச்சனீங்களோ?"

"லயத்துக்கு எவன் ஐயா பெயின்ட் அடிப்பான்? சுண்ணாம்பே தீபாவளிக்குத் தீபாவளிதாங்க."

"பழைய பற்றரிப் பெட்டி எரிச்சு அடுப்பு மூட்டுறனீங்களோ?"

"வெட்டிப்போட்ட தேயிலை மிலாறு வெறகுக்கு இருக்கும்போது அத எதுக்குங்க எரிக்கணும்?"

"அப்ப இந்தப் பிள்ளையின்ரை உடம்பிலை ஈயம் எங்காலை வந்தது? பிள்ளை எதையோ வாயிலை வைக்குது. வீட்டிலை என்னவோ அசுத்தம் இருக்கு."

அசுத்தம் என்றதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தோட்டத்து ஆள் என்றால் அழுக்கு என்று நினைக்கிறார் இந்த மனுஷன். எழுந்து நின்றேன்.

"அசுத்தமா? எங்க காம்பராவ வந்து பாருங்க ஐயா. இந்த நுவரெலியாவுல ஒரு பங்களாவுலயும் அப்படித் தரை இருக்காது. பழைய ஸ்டோர்ல இருந்து மண்ணு எடுத்தாந்து, மூணு தரம் சலிச்சு, அதுல வர்ற ஈய மணியெல்லாம் பொறுக்கி வீசிட்டு…"

என் வாயாலேயே நான் சொல்லி முடித்திருந்தேன்.

டாக்டர் கோபிக்கவில்லை. மெதுவாக விளக்கினார். மணியை எறிந்தாலும் தூள் மண்ணிலேயே கிடக்கும். தூள் கையில் ஒட்டும், கை வாய்க்குப் போகும். பெரியவர்களுக்கு அவ்வளவு தெரியாது, தவழும் பிள்ளைக்கு அது விஷம். உலை அணைந்து எத்தனை வருடமானாலும், மழை பெய்தாலும், ஈயம் மக்காது. "இது உங்கடை பிழை எண்டு இல்லை. அந்த மண்ணிலை ஒரு பிடி கொண்டு வாங்கோ, சோதிச்சுப் பார்ப்பம். ஆனா தரையைக் கிண்டி எடுக்காமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ," என்றார். தோட்டத்தை நடத்துகிற துரைக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு கடிதமும் எழுதினார்.

மகளுக்குத் துணையாக என் நாத்தனாரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு மறுநாள் காலை தோட்டத்துக்கு வந்தேன். முதல் வேலையாக மண்வெட்டியை எடுத்து என் காம்பராத் தரையை வெட்டத் தொடங்கினேன். அவ்வளவு உறுதியாக மெழுகியிருந்தேனே, வெட்டு விழவில்லை. என் வேலையின் நேர்த்தியை நானே சபித்துக்கொண்டு வெட்டினேன். லயம் கூடிவிட்டது. பிள்ளை சீக்கில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஒருத்தி அழவே தொடங்கினாள். செய்தி போய்க் கண்டாக்கையா வந்தார்.

"யாரக் கேட்டுத் தோட்டத்து வீட்ட ஒடைக்கிற?"

"தொரைக்கு டாக்டர் கடுதாசி குடுத்திருக்காருங்க. நீங்க கொண்டுபோய்க் குடுக்கிறீங்களா, நான் பங்களாவுக்கு வரட்டுங்களா?"

அவரே கொண்டுபோனார். துரை கடிதத்தைப் படித்துவிட்டு மத்தியானமே இறங்கி வந்து பார்த்தார். ஏழு காம்பராவையும் ஒரு அடி ஆழம் தோண்டச் சொன்னார். பழைய ஸ்டோர் நிலத்தைச் சுற்றி முள்கம்பி அடிக்கச் சொன்னார். நான் இஸ்தோப்பில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன், கூரை பறந்தபோது வீட்டில் கிடந்து சீக்கான பிள்ளைகள் எது எது, அவை எந்தக் காம்பராப் பிள்ளைகள் என்று. ஐந்து பிள்ளைகள். ஐந்தும் கருப்புத் தரை வீடு. சிவப்புத் தரை வீட்டில் ஒன்றுமில்லை. முப்பது பிள்ளையையும் மனப்பாடமாக வைத்திருப்பவள் சொன்னால் யார் மறுப்பது? ஆம்பளைகள் மண்வெட்டியோடு இறங்கிவிட்டார்கள்.

தோண்டிய மண்ணைச் சில பேர் லயத்துக்குப் பின்னால் முட்டைக்கோவாவும் கிழங்கும் போட்டிருந்த பாத்தியில் கொட்டப் போனார்கள், நல்ல கருப்பு மண்ணாயிற்றே என்று. ஓடிப்போய் மறித்தேன். எல்லாக் கூடையையும் திருப்பிப் பழைய ஸ்டோருக்கே சுமக்க வைத்தேன். முதுகு ஒடிந்தது என்று திட்டினார்கள். திட்டட்டும், அந்த வேலையை நான் இன்றும் சரி என்றே சொல்வேன்.

ஆனால் ஒன்று. மண் கெட்டது என்பதை உரக்கச் சொன்னேன். அதை லயத்துக்குள் கொண்டுவந்தவள் நான் என்பதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பக்கத்துக் காம்பராப் பெண் மட்டும் தன் இஸ்தோப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு மறுபடி ஐந்து மாதம். அவள் தரையை அவள் புருஷன் தோண்டினான். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

ஒரு மாதம் கழித்து மகளைக் கூட்டிவந்தேன். மேல் மலையிலிருந்து எடுத்த சிவப்பு மண்ணில் புதுத் தரை. நாள்தோறும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பு ஒரு மாதத்தில் துவண்டாளே, அந்த ஒரு மாதம் வந்தது, போனது. அவள் துவளவில்லை. சுவரைப் பிடித்து நடந்தாள். ஒரு காலை இஸ்தோப்பில் நின்று "கோழி போ" என்றாள். என் புருஷன் அழுதுவிட்டார். பின்னாளில் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கில் முதலாவதாக வந்தாள். வலது மணிக்கட்டு மட்டும் கொஞ்சம் பலவீனம், எழுத்து கோணலாகத்தான் இருக்கும்.

அன்று நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் அவள் தேறத் தேற எனக்குள் இன்னொன்று உறுதியாகிக்கொண்டே வந்தது. சீக்குக்குக் காரணம் தரை இல்லை என்று ஆகியிருந்தால், பக்கத்து வீட்டுப் பிள்ளையும் ஏதோ வலிப்பில் போனதாகவே இருந்திருக்கும். தரைதான் என்றால் அந்தப் பிள்ளையைக் கொன்றது நான் கொடுத்த பரிசு. என் மகள் எடுத்து வைத்த ஒவ்வொரு அடியும் அதற்குச் சாட்சி.

எல்லாரும் புதுத் தரை மெழுகிவிட்டார்கள். பக்கத்துக் காம்பரா மட்டும் தோண்டியது தோண்டியபடி, கட்டியும் பள்ளமுமாகக் கிடந்தது. மெழுகாத வீடு என்று லயத்தில் முணுமுணுத்தார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரி, முடியவில்லை போலும் என்று சமாதானமும் சொன்னார்கள். அதன்பிறகும் இரண்டு வெள்ளிக்கிழமை பார்த்தேன். மூன்றாவது வெள்ளிக்கிழமை, வேலை விட்டு வந்ததும், நேரே அவள் வாசலுக்குப் போனேன். யாரிடமும் தலை குனிந்து பழக்கமில்லாதவள் நான். குனிந்து நின்றேன்.

"ஒன் பிள்ளை வலிப்புல சாகல்ல," என்றேன். "நான் மெழுகுன தரையிலதான் செத்துச்சு. மண்ணக் கொண்டாந்தது நான். ஈயம் இருக்குன்னு தெரிஞ்சேதான் கொண்டாந்தேன். அது விஷம்னு மட்டும் தெரியாது."

அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகைக் கீழே வைத்தாள்.

"தெரியும் அக்கா. நீ ஒன் காம்பராவ வெட்டுன அன்னிக்கே தெரியும்."

"அப்பறம் ஏன் நீ ஒரு வார்த்த கேக்கல்ல?"

"நான் ஏன் கேக்கணும்? நீ வந்து சொல்லுவேன்னு இருந்தேன்." தரையைக் காட்டினாள். "அதுக்குத்தான் மெழுகாமப் போட்டு வச்சிருக்கேன். வேற யாரையும் தொட விடல்ல. இந்தப் பிள்ளைக்கும் நீதான் மெழுகணும்."

எனக்கு அழத் தோன்றியது, அழவில்லை. அழுதால் அவள் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும், அது நியாயமில்லை. கூடையை எடுத்துக்கொண்டு மேல் மலைக்கு ஏறினேன். அன்று அந்தச் சிவப்பு மண்ணை ஏழு தரம் சலித்தேன். ஒவ்வொரு தரமும் சல்லடையில் தங்கியதைக் கையில் கொட்டி, ஒவ்வொன்றாக நகத்தால் கீறிப் பார்த்தேன்; ஈயமென்றால் நகம் பதியும். எல்லாம் வெறும் கல். அவளும் வந்து என் பக்கத்தில் குந்தி, கையை நீட்டி, தானும் கொஞ்சம் வாங்கிக் கீறிப் பார்த்தாள்.